இரண்டு ஜோடி கம்பளிச் செருப்பு

துர்ன்வால்ட் மாளிகையின் வாசலில் இரண்டு கல் அரக்கர்கள் மாடி முகப்பைத் தோளில் தாங்கியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓலமௌட்ஸ் ஊர்க்காரர்கள் யாரும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு லூத்விக் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவங்களுக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டார்.

"கல்லுதான், வா." விளாஸ்தா கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "காலம் பூரா இந்த வழியாத்தான் வேலைக்குப் போன. இப்ப என்ன புதுசா? டிராம்ல நான் என்ன சொன்னேன்?"

லூத்விக் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

டிராமில் அவள் சொன்னது இதுதான். "யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாத. சிரிச்சுகிட்டே தலைய மட்டும் ஆட்டு. யாராவது கூப்பிட்டாலும் குரல் குடுக்கக் கூடாது. நான் வந்து பேசுன்னு சொன்னாத்தான் பேசணும். புரியுதா?" அவர் தலையை ஆட்டினார். அவள் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "விளாஸ்தா சொன்னா சரிதான்," என்றார். சொன்னதெல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவளும் நம்பினாள். நாம் செய்கிற கோணல் வேலை எல்லாமே நல்லதுக்குத்தானே, வேறெதற்கு?

இதில் கொடுமை என்னவென்றால் லூத்விக் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரே அவர் குரலைக் கேட்டுத்தான் வண்டி ஏறியது. வீட்டிலும் அப்படித்தான், சூப் ஆறிப்போகும், பேச்சு ஓயாது. அந்த மனிதர் போன வசந்தத்தில் காபியில் உப்பைப் போட்டார். கோடையில் கறிக்கடைக்காரியை "அம்மா" என்று கூப்பிட்டு அழுதார். அதற்குப் பிறகு விளாஸ்தா கறிக்கடையை மாற்றினாள், பக்கத்து வீட்டுக்காரியோடு மாடிப்படியில் நின்று பேசுவதை விட்டாள், டெலிபோனை அவர் கையில் கொடுப்பதையும் நிறுத்தினாள். அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார், அப்பா குப்பை கொட்டப் போயிருக்கிறார் என்று ப்ர்னோவில் இருக்கிற மகள் யித்காவிடம் வாரம் தவறாமல் ஒரு பொய்.

யித்கா ஒன்றும் மண்டு இல்லை. "செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏத்த வர்றேன்மா. அப்பாவ நேர்ல பாக்கணும். ஏதாவது சரியில்லைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவேன், ஆமா," என்று சொல்லிவிட்டாள். டாக்டர் என்ற சொல் விளாஸ்தாவின் காதில் முதியோர் இல்லம் என்றுதான் விழுந்தது. அவளுடைய அக்கா அந்த இல்லத்துக்குத் தன் காலால் நடந்து போனவள். அடுத்த ஈஸ்டருக்குள் கஞ்சியைக்கூட யாராவது ஊட்டவேண்டிய நிலைமை. லூத்விக்கை அங்கே விடுவதை விளாஸ்தாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த மாளிகைப் பயணம். "ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் மியூசியம் போனோம்" என்று மகளிடம் சொல்லலாம். மியூசியம் பார்க்கிற மனிதருக்கு மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும்?

உள்ளே கூடத்தில் கம்பளிச் செருப்புப் பெட்டி. போட்டிருக்கிற ஷூவுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்குகிறவர்கள் மாதிரி இழுத்து இழுத்து நடக்கவேண்டும். பழைய மரத்தரை கீறக்கூடாது. வழிகாட்டிப் பெண் இலோனா ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடியைக் கொடுத்தாள். ஒல்லி உடம்பு, கணீர் தொண்டை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

"இன்னைக்கு சீசன் கடைசி நாள். நீங்கதான் கடைசிக் கூட்டம்," என்றாள். "நீங்க வெளிய போனதும் மாளிகைய மூடி ஒட்டிட்டு விஷப்புகை போடப்போறாங்க, மரம் அரிக்கிற பூச்சிக்கு. அதனால செருப்பு ஒண்ணு விடாம என் பெட்டிக்குத் திரும்பி வரணும். செருப்பு வந்தா ஆளும் வந்தாச்சுன்னு அர்த்தம். எங்க வழக்கம் அப்படி."

"பூச்சியோட சேத்து என் மாமியாரையும் விட்டுட்டுப் போகலாமா?" என்றார் ஒரு தொந்திக்காரர்.

"அதுக்குத் தனி டிக்கெட் வாங்கணும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். விளாஸ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஆட்கள் ஜன்னல் இடுக்குகளில் அகலமான டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை டேப் கிழிகிற சத்தத்துக்கும் லூத்விக்கின் தோள் தூக்கிப்போட்டது.

அறை அறையாகப் போனார்கள். கூட்டம் உள்ளே வந்ததும் இலோனா பின்கதவைப் பூட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். சாப்பாட்டுக் கூடத்தின் விதானம் முழுக்க ஓவியம். மேகங்கள் பிளந்து கிடக்க, தேவர்கள் அரக்கர்களை உருட்டித் தள்ளுகிறார்கள். ஒருவனுடைய காலை நிஜமாகவே சுண்ணாம்பில் செய்து, சட்டத்துக்கு வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். லூத்விக் அண்ணாந்து பார்த்தார். அவர் விரல்கள் விளாஸ்தாவின் மணிக்கட்டை நெரித்தன.

"விழுறாங்க," என்று கிசுகிசுத்தார்.

"யாரும் விழலை. கீழ பாத்து நட."

அடுத்தது படுக்கையறை. சிவப்புப் பட்டுத் திரை போட்ட கட்டில், அதன் முன்னால் கயிறு, மூலையில் ஆள் உயரத்துக்கு, வெள்ளை ஓடு பதித்த கணப்பு அடுப்பு. இலோனா மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். "யாரோ பாக்கெட்ல நம்ம ஊர் சீஸ் வச்சிருக்கீங்க. இங்க வாழ்ந்த கோமகனோட பேய்கூட எழுந்து வந்துடும் இந்த வாசனைக்கு!"

விளாஸ்தாவின் காது மடல் சிவந்தது. அந்த நாற்றம் பிடித்த சீஸையும் ரொட்டியையும் காகிதத்தில் பொதிந்து கோட்டுப் பையில் வைக்காவிட்டால் லூத்விக் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். வேலைக்குப் போன நாள்களின் பழக்கம், மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை.

இலோனா கணப்புக்குப் பக்கத்தில் சுவரைத் தொட்டாள். சுவரில் ஒட்டிய அதே அலங்காரக் காகிதம் ஒட்டிய குறுகிய கதவு ஒன்று திறந்தது. உள்ளே இருட்டு. "வேலைக்காரங்க போற சந்து. எல்லா அறையோட கணப்புக்கும் பின்னாலதான் விறகு போடுவாங்க. எசமான் கண்ணுல கரிபிடிச்ச மூஞ்சி படக்கூடாதாம். மாளிகை நீளத்துக்கும் ஓடுது, நடுநடுவுல கிளை பிரியும். ஒல்லியா இருக்கிறவங்க மட்டும் போகலாம்." தொந்திக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு சின்னக் கொக்கி 'டக்' என்று விழுந்தது.

கடைசியாக, படுக்கையறையோடு கதவில்லாமல் சேர்ந்த கண்ணாடி மாடம். சுவரெல்லாம் கண்ணாடி, நடுவில் சரவிளக்கு. அங்கே நுழைந்ததும் விளாஸ்தா ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கண்ணுக்கு அழகாக ஏதோ ஒன்று. சாயங்கால வெளிச்சம் கண்ணாடிக்குக் கண்ணாடி தாவி அறையே தேன் நிறமாக இருந்தது.

"விளாஸ்தா, அந்தக் கிழவன் யாரு?" லூத்விக் அவள் காதருகே கேட்டார். "நம்ம பின்னாலயே வர்றான். அங்கயும் நிக்கிறான். அங்கயும்."

"சும்மா இரேன் கொஞ்ச நேரம்!" என்று சீறினாள். அவர் பிடியிலிருந்து மணிக்கட்டை உருவிக்கொண்டாள். சரவிளக்கை அண்ணாந்து பார்த்தாள். பாவம், ஒரே ஒரு நிமிஷம்தான் பார்த்தாள்.

திரும்பியபோது அவர் இல்லை.

படிக்கட்டுப் பக்கக் கதவு திறந்திருந்தது. கூட்டத்தில் பாதி அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. விளாஸ்தா முதலில் படுக்கையறைக்குத்தான் ஓடினாள். யாருமில்லை. கட்டிலின் காலடியில் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு மட்டும் இருந்தது, வீட்டில் படுக்கப் போகும்போது கழற்றி வைக்கிற மாதிரியே, மூக்கும் மூக்கும் சேர்த்து. அவள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள், திரையை விலக்கிப் பார்த்தாள். காலிக் கட்டில்.

"அம்மா, வாங்க, பூட்டணும்!" கண்ணாடி மாடத்திலிருந்து இலோனா சாவியைக் குலுக்கினாள்.

இந்த இடத்தில் அவள் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரரைக் காணோம், அவருக்குக் கொஞ்ச நாளா நினைவு சரியில்லை. அவ்வளவுதான். ஆனால் அவள் மனதில் ஓடியது வேறு. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் ஷூவோடு தரையெல்லாம் கீறிக்கொண்டு படியிறங்கியிருக்கிறார், இந்தப் பெண் பார்த்தால் சத்தம் போடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மானம் கப்பலேறிவிடும். குனிந்து செருப்பை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

கீழே பெட்டியில் இரண்டு ஜோடியையும் அவள் கையாலேயே போட்டாள். இலோனா எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். "எல்லாம் வந்தாச்சு. உங்க கூட வந்த சார் எங்கம்மா?"

"வெளிய... சிகரெட் பிடிக்கப் போயிட்டார்."

பொய்யென்றும் சொல்லமுடியாது. கண்ணாடிக் கதவு வழியாக ஒரு சாம்பல் நிறத் தொப்பி தெரிந்தது, லூத்விக்குடையது மாதிரியே. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னாள். வெளியே வந்து தோளைத் தொட்டதும் தொப்பி திரும்பியது. மீசைக்காரர் யாரோ.

விளாஸ்தாவுக்குப் பின்னால் மாளிகைக் கதவு கனமாகச் சாத்திக்கொண்டது.

சதுக்கத்தில் தேடினாள். டிராம் நிறுத்தத்தில் தேடினாள். தேவாலயத்துக்குள் மெழுகுவர்த்தி வாங்குகிற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூலைக் கடையில், அவர் எப்போதாவது பீர் குடிக்கிற இடத்தில், கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ஓடினாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவேண்டிவரும். வானம் அதற்குள் ஈயம் பூசிக்கொண்டது. கோட்டுப் பையில் டெலிபோன் அலறியது. யித்கா.

"அம்மா, எங்க இருக்கீங்க? வீட்டு போன எடுக்கவே இல்லையே."

"மியூசியத்துல, கண்ணு. துர்ன்வால்ட் மாளிகை. ரொம்ப அழகா இருக்கு."

"அட! அப்பா கூடவா? குடு அவர்கிட்ட."

"இப்ப... விதானத்தப் பாத்துகிட்டு நிக்கிறார். கூப்பிட்டா திட்டுவார். அப்புறம் பேசுவோம்." பட்டனை அழுத்திவிட்டு அந்த டெலிபோனை வெறித்துப் பார்த்தாள். விதானத்தைப் பார்க்கிறார். தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்கள் அவளைத் திருப்பி அடித்தன. அவர் எப்போது வெளியே வந்தார்? வந்ததை யார் பார்த்தது? அவள் பார்த்தது ஒரு தொப்பியை மட்டும்தான். செருப்பு பெட்டிக்கு வந்தது என்றால், அதைக் கொண்டுவந்து போட்டவள் அவளே!

அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. ஓடினாள்.

மாளிகையின் பெரிய கதவில் இப்போது மண்டையோட்டுப் படம் தொங்கியது. கதவு இடுக்கெல்லாம் டேப். மணியை அழுத்தினாள், உள்ளே எங்கும் ஒலிக்கவில்லை, மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. கையால் அடித்தாள். கல் அரக்கர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேலே நின்றார்கள். பக்கச் சந்தில் ஒரு இரும்புக் கதவு மட்டும் திறந்திருந்தது. அங்கே இலோனா கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூட ஒரு கட்டையான மனிதர், முகமூடி கழுத்தில் தொங்க, விசிலை விரலில் சுழற்றியபடி. புகை போடுகிற ஆட்களின் தலைவர் ஹினெக் அவர்தான். விசிலை அவர் ஊதினால் ஒவ்வொரு மாடியிலும் நிற்கிற ஆள் விஷப்புகை டப்பாவைத் திறந்துவிட்டு வெளியே ஓடிவருவான்.

"ஊதாதீங்க!" விளாஸ்தா இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. "உள்ள ஆள் இருக்கு. என் வீட்டுக்காரர்."

"இருக்க முடியாதும்மா," என்றாள் இலோனா. "செருப்பெல்லாம் வந்துடுச்சே. நானே பாத்தேன்."

"நான்தான் போட்டேன்."

"என்னது?"

"அவரோட செருப்பையும் நான்தான் போட்டேன். கட்டில்கிட்ட கழட்டி வச்சிருந்தார். கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்து போட்டேன்."

இலோனா சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டாள். "ஐயோ கடவுளே! ஏன்? ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

விளாஸ்தா வசந்தத்திலிருந்து பொத்திப் பொத்தி வைத்ததை இந்தச் சந்தில், முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் எடுத்து வைக்கவேண்டியிருந்தது. "அவருக்கு... நினைவு போயிடுச்சு. எங்க இருக்கோம்னு தெரியாது. சில சமயம் என்னையே தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான்..."

ஹினெக் நல்ல மனிதர். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விசிலைப் பையில் போட்டுவிட்டு உள்ளே திரும்பி, "யாரும் டப்பாவத் தொடாதீங்கடா! கைய எடு!" என்று கத்தினார். இலோனா ஏற்கெனவே சாவிக்கொத்தோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

விளக்கில்லாத மாளிகை வேறு மாளிகை. டேப் ஒட்டிய ஜன்னல்களில் மாலை வெளிச்சம் அழுக்காகத் தேங்கி நின்றது. சாப்பாட்டுக் கூடத்தில் சுண்ணாம்புக் கால் அவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. கண்ணாடி மாடத்தில் எத்தனையோ விளாஸ்தாக்கள் தலைமுடி கலைந்து அவளுக்கு எதிரே ஓடிவந்தார்கள். அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரே வருகிற கிழவியைப் பார்த்து அவளே ஒரு அடி பின்வாங்கினாள்.

"சார்! லூத்விக் சார்!" ஆட்கள் மாடிக்கு மாடி கூவினார்கள். அலமாரி, திரை, மேஜைக்கு அடியில், எல்லா இடத்திலும் டார்ச் விளக்கு பாய்ந்தது. பதில் இல்லை.

படுக்கையறையில் இலோனா காகிதக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள். கொக்கி திறந்து தொங்கியது. "நான் போட்டேனே," என்றாள் மெதுவாக. "நீங்க எல்லாரும் பாத்தீங்க. நான் போட்டேன்."

ஹினெக் தலையை உள்ளே விட்டு டார்ச்சை அடித்தார். சந்து இரண்டு பக்கமும் கருப்பாக ஓடியது. தோளை ஒருக்களித்துக் கொஞ்ச தூரம் போனார், மூச்சுத் திணறத் திரும்பி வந்தார், முகமெல்லாம் ஒட்டடை. "சார்! உள்ள இருக்கீங்களா? இருந்தா ஒரு குரல் குடுங்க! சுவரையாவது தட்டுங்க!" அவர் தொண்டைக்கு மாளிகையே அதிர்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எங்கேயோ ஒரு மரச்சட்டம் முனகியது. அவ்வளவுதான்.

"அம்மா, செத்தவனே எழுந்து உக்காந்திருப்பான் இந்தக் கூச்சலுக்கு," என்றார் ஹினெக். "பயப்படாதீங்க. படிக்கட்டு வழியா வெளிய போயிருப்பார், இந்த ஊர்ல எங்கயாவது சுத்திகிட்டு இருப்பார். குளிர் ஏறுது, இங்க நின்னு நேரத்த வீணாக்க வேணாம். போலீசுக்குச் சொல்லுவோம். வெளிய தேடுவோம்."

"அப்புறம்? இங்க?"

ஹினெக் கழுத்து முகமூடியைச் சரிசெய்தார். ஆட்கள் ஒவ்வொருவராக அறையைவிட்டு நகர்ந்தார்கள். இலோனா விளாஸ்தாவின் தோளை அணைத்து வெளியே நடத்தினாள். அவளும் நடந்தாள். எல்லோரும் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பாரா? ரயில் நிலையத்தையே எழுப்புகிற குரல் அது.

கணப்பைக் கடக்கும்போது மூக்கில் ஏதோ ஏறியது. நின்றாள். வெள்ளை ஓட்டுக்கு நடுவில், அனல் வருவதற்காக வைத்த பித்தளை வலை. குனிந்து முகர்ந்தாள்.

"சீஸ்," என்றாள். "அவர் இங்கதான் இருக்கார்."

"இந்த ஊர்ல அந்த நாத்தம் எங்கதாம்மா இல்லை?" வாசல்வரை போயிருந்த ஆள் ஒருவன் சொன்னான். ஹினெக் அவனை முறைத்தார், ஆனால் அவர் கண்ணிலும் அதே எண்ணம்தான். முன்னே கூட்டத்தோடு வந்தபோது அடித்த வாசனை தங்கியிருக்கும்.

"இருந்தா ஏன்மா பதில் சொல்லல?" என்று கேட்டார், மிருதுவாகத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வி விளாஸ்தாவின் நெஞ்சில் ஈட்டியாக இறங்கியது. ஏன் பதில் சொல்லவில்லை. யாராவது கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது. நான் வந்து பேசு என்று சொன்னால்தான் பேசவேண்டும். விளாஸ்தா சொன்னா சரிதான்.

"நான்தான்," என்றாள். "நான்தான் பேசாதேன்னு சொன்னேன். பாவி, நான்தான் அவர் வாய அடைச்சேன்!"

கணப்பின் முன்னால் மண்டியிட்டாள். பித்தளை வலையில் வாயை வைத்தாள். "லூத்விக்! நான் வந்துட்டேன். இப்ப பேசலாம். பேசு, ராஜா. எவ்வளவு வேணும்னாலும் பேசு. எல்லார்கிட்டயும் பேசு!"

ஒன்றுமில்லை. இலோனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஓட்டுக்கு உள்ளே, மிக அருகில், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நான் பேசக் கூடாது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கரியடைத்த, சின்னக் குரல். "விளாஸ்தா சொல்லியிருக்கா."

"நான்தான் விளாஸ்தா! லூத்விக், நான்தான்!"

"நீங்க இல்ல," என்றார் அவர். அழுகையும் பயமும் கலந்த குரல். "விளாஸ்தா கத்தமாட்டா. விளாஸ்தா வெளிய நிக்கிறா. அந்தக் கிழவன் போனதும் வந்து கூட்டிட்டுப் போவா. நீங்க போங்க."

உள்ளே கால் இழுபடுகிற ஓசை. அவர் விலகிப் போகிறார். இருட்டுக்குள், கிளை பிரிகிற சந்துக்குள் போகிறார். ஹினெக் கதவுப் பக்கம் பாய, விளாஸ்தா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். துரத்தினால் இன்னும் உள்ளே போய்விடுவார். எந்த இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்வாரோ, யாருக்குத் தெரியும்?

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். மறுபடி பேசியபோது அது அவள் குரலே இல்லை. டிக்கெட் கவுண்டரில் யாரிடமோ விசாரிக்கிற குரல்.

"மன்னிக்கணும் சார். தெரியாம சொல்லிட்டேன். நான் விளாஸ்தா இல்லை. அவங்க அனுப்பிச்ச ஆள்."

கால் ஓசை நின்றது.

"விளாஸ்தாவா அனுப்பிச்சா?"

"ஆமா சார். கீழ நிக்கிறாங்க. நீங்க இனிமே யார்கிட்ட வேணும்னாலும் பேசலாமாம். அவங்களே சொல்லச் சொன்னாங்க."

"கோவமா இருக்காளா?"

விளாஸ்தா பித்தளை வலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இல்ல சார். கோவமே இல்ல. அவங்க பண்ணதுதான் தப்புன்னு சொல்லச் சொன்னாங்க. அந்தக் கிழவனும் போயிட்டான். டார்ச் வெளிச்சம் வரும், அதப் பாத்து வாங்க. இங்க ஒரு அம்மா கை குடுப்பாங்க."

காகிதக் கதவின் இருட்டில் முதலில் ஒரு கை தெரிந்தது. அதில் பாதி தின்ற ரொட்டி. பிறகு தொப்பி, பிறகு முகம், கரியில் கண் மட்டும் வெள்ளையாக. ஹினெக் அவரைப் பூப்போலத் தூக்கி வெளியே விட்டார். விளாஸ்தா கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடிக்கிற மாதிரி, விரல் நுனியில்.

இலோனா தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். ஹினெக் தன் மேலுடுப்பைக் கழற்றி லூத்விக்கின் தோளில் போட்டார். "சார், எப்படி இருக்கீங்க?" என்றார். லூத்விக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பேசலாமா என்று யோசித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, ரயில் நிலையத்துக் குரலில், அந்த விதானத்து அரக்கர்கள்வரை கேட்கும்படி, "நன்றி, நல்லா இருக்கேன்! கொஞ்சம் குளிருது!" என்று அறிவித்தார்.

விளாஸ்தா டெலிபோனை எடுத்தாள். மகளின் எண் இரண்டு முறை தவறியது. "யித்கா, உடனே கிளம்பி வா. செவ்வாய் வேணாம், இன்னைக்கே வா. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல. நான்தான் உங்கிட்ட மறைச்சேன்." அந்தப் பக்கம் யித்கா ஏதோ கேட்டாள். விளாஸ்தா எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றாள்.

படியிறங்கும்போது லூத்விக் அவள் கையை மெதுவாக அழுத்தினார். அவள் குனிந்தாள். கரிபடிந்த வாய் அவள் காதருகே வந்தது.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினார். "கூப்பிட்டப்ப நான் பதில் சொன்னத மட்டும் விளாஸ்தாகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு அவமானமா இருக்கும்."